உடலோம்பல் யார் கடன்?

மனிதன் ஆற்ற வேண்டிய கடமைகளை எண்ணிச் சொல்லுமாறு மாணவரைக் கேட்டால், பெற்றோர்க்குச் செய்யும் கடமை, பிள்ளைகளுக்குச் செய்யும் கடமை, மொழிக்கும் நாட்டிற்கும் செய்யும் கடமை என்று அடுக்கிச் சொல்வர். தன் உடலுக்குச் செய்யும் கடமையைச் சொல்வோர் அரியர். உடம்பைப் பேணுதல் நல்லதுதான். ஆயின் அதனை அறம் என்று கூறலாமா? பேணாமல் நோயுற்றவன் இரக்கத்திற்கு உரியவனா, கண்டனத்திற்கு உரியவனா? அவன் உடல் அவனுக்கு மட்டுமே உரியதா, பிறர்க்கும் அதில் பங்கு உண்டா? இவ்வினாக்களுக்கு மருத்துவ நூல்களில் விடை இல்லை. வாழ்வைக் கொண்டுதான் விடை காண வேண்டும்.

வெறும் வாதமாக இவற்றை ஆராய்வதினும் ஓர் எடுத்துக்காட்டை முன்வைத்து ஆராய்வது நன்று. கோல சிலாங்கூரிலும் வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களிலும் நம்மவரிடையே இன்று அடிக்கடி அடிபடும் சொல் ‘கொலஸ்டிரால்’ என்பது. அதனை மக்கள் கொழுப்பு என்றே வழங்குவர். கொழுப்பு என்னும் சொல்லுக்கு நம் மொழியில் செருக்கு என்னும் பொருளும் உண்டு. அதனால்தான் போலும், “உனக்குக் கொழுப்பு கூடிவிட்டது” என்று பிறர் நகைப்பதும், நோயுடையார் நாணி அதனை மறைப்பதும் வழக்கமாகிவிட்டன. ஒரு சொல்லின் இரு பொருளும் ஒன்றோடொன்று கலந்து, நோயைக் குற்றமாக்கிவிட்டன. அந்தக் கலப்பைப் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொழுப்பின் இயல்பு

கொலஸ்டிரால் நஞ்சு அன்று. மெழுகு போன்ற அப்பொருள் இன்றி உயிரணுவின் சவ்வு அமையாது, பித்தநீர் உண்டாகாது, உடலை இயக்கும் சுரப்புநீர்கள் சில பிறவா. அதில் பெரும்பகுதியை உடலே, சிறப்பாகக் கல்லீரல், ஆக்கிக்கொள்கிறது. உணவின் வழியே நேராக வந்து சேர்வது சிறுபகுதியே.

எண்ணெய் நீரில் கலவாததுபோல் கொலஸ்டிராலும் இரத்தத்தில் கலவாது. ஆகவே புரதம் சூழ்ந்த நுண்ணிய பொதிகளில் ஏறியே அது பயணம் செய்கிறது. கல்லீரலிலிருந்து உடலெங்கும் கொண்டு செல்லும் பொதியை எல்.டி.எல். என்பர். எஞ்சியதைத் திரட்டிக் கல்லீரலுக்கு மீட்டுவரும் பொதியை எச்.டி.எல். என்பர். முன்னதைக் கெட்ட கொழுப்பு என்றும், பின்னதை நல்ல கொழுப்பு என்றும் எளிமைக்காகச் சொல்வதுண்டு. டிரைகிளிசரைடு என்னும் மூன்றாவது ஒன்றும் உண்டு. உடல் செலவிடாத ஆற்றலைச் சேமித்து வைக்கும் கொழுப்பு அது. எண்ணெய் மட்டுமன்றிச் சர்க்கரையும், அளவு மீறிய சோறும், மதுவும் அதனை உயர்த்தும்.

எல்.டி.எல். மிகும்போது அது தமனியின் உட்சுவரில் புகுந்து தங்குகிறது. ஆண்டுக்கணக்கில் அங்கே படிவு வளர்கிறது. ஒருநாள் அப்படிவு வெடிக்க, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து, இதயத்தசைக்குச் செல்லும் வழி அடைபடுகிறது. அதுவே மாரடைப்பு. முயல்களுக்குக் கொலஸ்டிராலை ஊட்டி, அவற்றின் தமனிகளில் படிவு உண்டாவதை 1913இல் உருசிய அறிஞர் அனிச்கோவ் காட்டினார். கல்லீரல் அணுக்களின் மேற்பரப்பில் எல்.டி.எல். பொதிகளைப் பற்றி உள்ளிழுக்கும் வாயில்கள் உண்டு என்பதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்டால் அவ்வாயில்கள் குறைகின்றன. பொதிகள் இரத்தத்திலேயே தேங்குகின்றன.

இவ்வளவும் நிகழும் காலமெல்லாம் உடல் ஒரு சொல்லும் சொல்வதில்லை. பல்வலி உறங்கவிடாது, காய்ச்சல் எழவிடாது. இரத்தக் கொழுப்போ இருபது ஆண்டுகள் வாய்திறவாதிருந்து, பின்னர் ஒரே நாளில் உயிரைக் கேட்கும். புலனுக்கு எட்டாமல் சோதனை ஒன்றுக்கே எட்டும் பகை அது. அறத்தோடு இந்நோய் தொடர்புறும் இடம் இதுவே. வலிக்கும்போது மருந்து தேடுதல் விலங்குக்கும் இயல்பு. வலியில்லாதபோதே அறிவை நம்பி ஒழுகுதல் மனிதர்க்கே இயலும்.

எண்ணெய் பிறந்த மண்

இந்நோயின் வரலாற்றில் நம் வட்டாரத்திற்குத் தனியிடம் உண்டு. கோல சிலாங்கூர் மாவட்டத்தில், முன்னர் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவை அடுத்து, தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரே தமிழாக ஒலிக்கும் அத்தோட்டத்தில்தான் ஆன்ரி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நிறுவினார். ஆப்பிரிக்காவில் பிறந்த அம்மரம் இங்கே வேரூன்றி நாடெங்கும் பரவியது. உலகின் பல அடுக்களைகளுக்குச் செல்லும் எண்ணெய்க்கு இம்மண் ஒரு தொட்டில் எனலாம். அம்மரங்களைப் பேணி, குலை வெட்டி, சுமந்து, ஆலைக்கு அனுப்பியவர்களுள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் இருந்தனர்.

செம்பனை எண்ணெயைப் பழிப்பது நம் கருத்தன்று. அதில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. தேங்காயெண்ணெயிலோ பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. இரண்டும் அளவோடு உண்ணத்தக்கவை. ஆயினும் அரசின் உதவித்தொகையோடு ஒரு கிலோ 2 ரிங்கிட் 50 சென்னுக்கு விற்கப்படும் எண்ணெய்ப் பை ஏழையின் அடுக்களைக்குத் துணையானதும், வாணலி நிறைய எண்ணெய் ஊற்றிப் பொரிக்கும் வழக்கம் எளிதானதும் ஒருங்கே நிகழ்ந்தன.

பால்மரம் வெட்டிய தலைமுறையை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, நானூறு ஐந்நூறு மரங்களைச் சுற்றி வெட்டி, மீண்டும் அவற்றையே சுற்றிப் பால் எடுத்து, வாளிகளைக் காண்டாவில் மாட்டிக் கொட்டகைக்குச் சுமந்தனர். அவர்கள் உண்ட சோறும் தேங்காய்ச் சம்பலும் கருவாடும் நண்பகலுக்குள் வியர்வையாகிவிட்டன. அக்காலத்தைப் பொற்காலம் என்று போற்றுவதும் தவறு. மலேரியாவும் சோகையும் கொக்கிப்புழுவும் கள்ளுக்கடையும் அந்த உடல்களைத் தின்றன. அன்றைய வறுமைக்குக் கொழுப்பு சேர்க்கும் வாய்ப்பு இல்லை, அவ்வளவே.

பின்னர்ப் பால்மரங்கள் சாய்ந்தன, செம்பனை வந்தது. அதன்பின் தோட்டங்கள் பலவும் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்ட மக்களின் பிள்ளைகள் காவலராகவும், லாரி ஓட்டுநராகவும், ஆலையில் நின்ற இடத்தில் நின்று உழைப்போராகவும் ஆயினர். காலும் கையும் செய்த வேலை குறைந்தது. தட்டில் விழுந்த சோற்றின் அளவு குறையவில்லை. அதனோடு காலையில் ரொட்டி சானாய், இரவுப்பணி முடிந்து மீ கோரேங், இடையிடையே கட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் என்பனவும் சேர்ந்தன. வேலை மாறிய வேகத்திற்கு நாவும் வழக்கமும் மாறவில்லை. இதில் தனிமனிதன் செய்த பிழை எவ்வளவு, காலம் செய்த மாற்றம் எவ்வளவு என்று யார் அளந்து சொல்ல முடியும்?

பிறப்போடு வந்த பங்கு

வேறோர் உண்மையும் உண்டு. சிங்கப்பூரில் பிணப் பரிசோதனைப் பதிவேடுகளை ஆராய்ந்து டி. ஜே. தனராஜும் உடன் பணியாற்றியோரும் 1959இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இதயத் தமனி நோய் சீனரைவிட இந்தியரிடையே பன்மடங்கு மிகுதி என்பதை அது காட்டியது. பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவராக விளங்கிய பேராசிரியர் அவர். அதன்பின் இலண்டன் முதல் தென்னாப்பிரிக்கா வரை, இந்தியர் குடியேறிய நாடுகளிலெல்லாம் ஆய்வாளர் இதையொத்த நிலையையே கண்டனர். மெலிந்த உடல்வாகிலும் வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, உயர்ந்த டிரைகிளிசரைடு, தாழ்ந்த எச்.டி.எல்., எளிதில் வரும் நீரிழிவு ஆகியன நம்மவரிடம் கூடிவரும் இயல்புகள்.

பிறவியிலேயே எல்.டி.எல். மிகுந்த குடும்பங்களும் உண்டு. அத்தகைய மரபில் பிறந்தவன் கீரையும் மோரும் உண்டு வாழ்ந்தாலும் நாற்பது வயதிற்குள் மாரடைப்புக்கு ஆளாகலாம். பொரித்த இறைச்சியையே உண்டவன் எண்பது வயது வரை வாழவும் காண்கிறோம். அவ்விருவரையும் அருகருகே நிறுத்தி, முன்னவன் ஒழுக்கமற்றவன், பின்னவன் ஒழுக்கமுடையவன் என்று தீர்ப்புக் கூறுதல் எவ்வகையில் நீதியாகும்?

மூன்று தீர்ப்புகள்

இந்நோயைக் குறித்து நம்மிடையே மூன்று தீர்ப்புகள் வழங்குகின்றன. ஒன்று, “எல்லாம் விதி, எழுதியபடிதான் நடக்கும்” என்பது. இரண்டு, “நாக்கை அடக்கத் தெரியாதவன் பட்டே தீரவேண்டும்” என்பது. மூன்று, “என் உடம்பு, என் விருப்பம், கேட்பதற்கு நீ யார்?” என்பது.

விதியைச் சொல்வோர் மழை வருமுன் கூரையைச் சரிசெய்கின்றனர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். நாற்சந்தியில் இருபுறமும் பார்த்துக் கடக்கின்றனர். இவற்றிலெல்லாம் முயற்சியை நம்புவோர் இரத்தச் சோதனையில் மட்டும் விதியை நம்புவது ஏன்? அது நம்பிக்கையினும் அச்சத்தின் பாற்பட்டது. தெரிந்துகொள்ள அஞ்சும் மனம் தெய்வத்தின் பின்னே ஒளிந்துகொள்கிறது.

பழிப்போர் கூற்றில் ஒரு சிறு உண்மை உண்டு. உண்பதிலும் புகைப்பதிலும் குடிப்பதிலும் நமக்கு ஓரளவு உரிமை இருக்கிறது. உரிமை உள்ள அளவுக்குப் பொறுப்பும் இருக்கிறது. ஆனால் மரபும் வறுமையும் வேலை நேரமும் கூடி அந்த உரிமையைச் சுருக்கிவிடுகின்றன. பன்னிரண்டு மணிநேரம் காவல் கூண்டில் அமர்ந்திருப்பவனிடம் நாள்தோறும் நடைப்பயிற்சி செய் என்று சொல்வது எளிது. அன்றியும், பழியால் விளையும் பயன் யாது? பழிக்கு அஞ்சியவன் சோதனைக்குச் செல்ல மாட்டான். சென்றாலும் முடிவை மனைவியிடம் சொல்ல மாட்டான்.

மூன்றாவது தீர்ப்பே ஆழ்ந்து எண்ணத்தக்கது. தன் உடல் தன்னுடையதே என்பவன் முற்றும் பொய் சொல்லவில்லை. அவனைக் கட்டி இழுத்துச் சென்று மருந்து புகட்ட எவர்க்கும் உரிமை இல்லை. ஆயினும் தோட்ட வாழ்வை அறிந்தோர் ஒன்றை மறக்க மாட்டார்கள். லயத்து வீடு வேலைக்காகக் கொடுக்கப்பட்ட வீடு. உழைப்பவன் வீழ்ந்தால் சம்பளத்தோடு கூரையும் ஆட்டங்காணும். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்னும் கட்டத்தில் ‘காலமானார்’ என்று எழுதிவிட்டுத் தலைகுனிந்து நிற்கும் தாய்மாரை எம் போன்ற தலைமையாசிரியர்கள் பலமுறை கண்டிருக்கிறோம். ஆண்டின் நடுவில் பெயர் நீக்கப்பட்டு, உறவினர் ஊருக்கு அனுப்பப்படும் பிள்ளைகளையும் கண்டிருக்கிறோம். அப்பிள்ளையின் படிப்பு தந்தையின் தமனி வழியே ஓடிக்கொண்டிருந்தது என்பதை அத்தந்தை அறிந்திருந்தானா? உடல் ஒருவனுடையது, அவ்வுடலின் உழைப்பில் வாழ்வோர் பலர். ஆகவே உடலோம்பலும் பிறர்க்குச் செய்யும் கடமையுள் அடங்கும்.

மருந்தின் நான்கு பக்கம்

அப்படியாயின் அக்கடமை முழுவதையும் நோயாளியின் தோளிலேயே ஏற்றிவிடலாமா? இங்கே வள்ளுவர் வழிகாட்டுகிறார். திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’ உணவின் அளவைப் பற்றியே முதலில் விரிவாகப் பேசுகிறது. பின்னரே மருத்துவரின் கடமையைப் பேசுகிறது. அதன் இறுதிக் குறளோ நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. நோயைத் தீர்த்தல் ஒருவர் செயலன்று என்பது அப்பகுப்பால் விளங்கும்.

நோயாளியின் முதற்கடமை அறிதல். முப்பது வயதைக் கடந்தவர் தம் இரத்தக் கொழுப்பின் அளவை அறிந்திருத்தல் வேண்டும். குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு கண்டோர் இருப்பின் இன்னும் முன்னரே அறிய வேண்டும். இந்நாட்டு ஆய்வுகள் மொத்தக் கொலஸ்டிரால் லிட்டருக்கு 5.2 மில்லிமோலையோ அதற்கு மேலோ எட்டினால் மிகை எனக் கணக்கிடுகின்றன. 2023ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வின்படி பெரியவர் மூவருள் ஒருவர்க்கு அம்மிகை உண்டு. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். குறைந்த வருமானமுடையோர்க்காக 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தின்வழி நாற்பது வயதைக் கடந்தோர் இலவசமாகவே சோதித்துக்கொள்ளலாம். தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு நள்ளிரவில் விரைவதினும் பகலில் ஒரு மணிநேரம் வரிசையில் அமர்ந்திருப்பது எளிதன்றோ?

மருத்துவரின் கடமை புரியும்படி சொல்லுதல். எண்ணை மட்டும் சொல்லி அனுப்பினால் நோயாளிக்கு அச்சம் மிஞ்சும்; அறிவு கிட்டாது.

மூன்றாவது மருந்து. சப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளை ஆராய்ந்து, அரிசியில் கண்ட ஒரு பூஞ்சையிலிருந்து 1973இல் பிரித்தெடுத்த பொருளே ஸ்டாட்டின் மருந்துகளுக்கு வழிதிறந்தது. எல்.டி.எல். அளவு ஒரு மில்லிமோல் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது பல பெரும் ஆய்வுகளின் முடிவு. எண் இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவோரும், விளம்பரப் பொடியை நம்பி மாற்றிக்கொள்வோரும் நம்மிடையே உளர். எண் இறங்கியது மாத்திரையால். நிறுத்தினால் மீண்டும் ஏறும். தசைவலி போன்ற தொல்லை தோன்றினால் மருத்துவரிடம் சொல்லி மாற்று வழி காணலாம். நாள்தோறும் ஒரு மாத்திரையை விழுங்குதல் வீரச்செயல் அன்று. ஆரவாரமற்ற ஒழுக்கங்கள் பெரும்பாலும் அத்தகையனவே.

நான்காவது, உடனிருப்போர். அடுக்களையில் நிற்பவரே இங்குத் தலையாயவர். பொரித்ததைக் குறைத்து வேகவைத்ததைக் கூட்டுதல், தேங்காய்ப்பாலின் அளவைச் சுருக்குதல், பருப்பும் கீரையும் மீனும் சேர்த்தல், கருகிய எண்ணெயை மீண்டும் மீண்டும் பயன்படுத்தாதிருத்தல் ஆகியன பெருஞ்செலவு கேளா. ஆனால் கணவர்க்குத் தனிக்கறி சமைத்துத் தாம் மிச்சத்தை உண்ணும் பெண்கள், தம் இதயத்தைச் சோதிக்க நினைப்பதில்லை. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் எல்.டி.எல். ஏறும். பெண்ணுக்கு மாரடைப்பு வராது என்னும் எண்ணம் உயிரைக் கொல்லும் எண்ணம். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, காரணமற்ற மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை தோன்றினால் ‘வாயு’ என்று தைலம் தேய்த்துக் காலம் கழிக்காமல் 999 எண்ணை அழைத்தல் உடனிருப்போர் கடமை. இதயத்தசை நிமிடந்தோறும் மாண்டுகொண்டிருக்கும்.

விருந்தும் அன்பும்

உடனிருப்போர் என்பதில் ஊராரும் அடங்குவர். இங்கே இரண்டு அறங்கள் எதிரெதிரே நிற்கின்றன. விருந்தோம்பல் தமிழர் போற்றும் அறம். வந்தவர் வயிறு நிறையக் கண்டு மகிழ்தல் நம் இயல்பு. “இன்னும் கொஞ்சம்” என்று இலையில் இடுவதே அன்பு. வேண்டா என்பது அவமதிப்பு. திருமணத்திலும் திருவிழாவிலும் கோயில் அன்னதானத்திலும் இவ்வழக்கம் வேரூன்றியிருக்கிறது. நோயாளி அங்கே தனக்கு நோய் உண்டென்று சொல்லவும் நாணுகிறான். சொல்லாமல் உண்ணவும் அஞ்சுகிறான்.

விருந்தறத்தின் உட்பொருள் யாது? நெடுவழி நடந்து பசித்து வந்தவனின் உயிரைத் தாங்குவதே அது. பசித்தவனுக்குச் சோறிட்ட கை, நோயாளியின் இலையில் நெய்ச்சோற்றைக் குவிக்கும்போது அந்த நோக்கத்திற்கே மாறாகிறது. அன்னதானத்தை நிறுத்த வேண்டியதில்லை. அதில் அவித்த கடலையும் கீரைப் பொரியலும் பழமும் இடம்பெறட்டும். இனிப்பு நீருக்கு அருகில் வெறும் நீரும் இருக்கட்டும். “போதும்” என்று ஒருவர் சொன்னால் காரணம் கேளாமல் கையை நிறுத்திக்கொள்வதையும் விருந்தோம்பலாகக் கருதுவோம்.

ஆசிரியர்க்கு ஒரு பங்கு

தமனிச் சுவரில் படிவின் முதற்கோடுகள் இளமையிலேயே தோன்றத் தொடங்குகின்றன. ஆகவே இக்கடமையில் பள்ளிக்கும் பங்குண்டு. சிற்றுண்டிச் சாலையில் நாம் அனுமதிக்கும் பண்டம் ஒரு பாடம். வேறு பாடத்திற்காக நாம் விட்டுக்கொடுக்கும் உடற்பயிற்சி நேரமும் ஒரு பாடமே. பருத்த பிள்ளையை வகுப்பில் நகைப்புக்கு உள்ளாக்காதிருத்தல் அவற்றினும் பெரிய பாடம். நாணத்தை ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை, நாளை தன் நோயை மறைக்கும் பெரியவனாவான். வீட்டுக்குச் சென்று, “அப்பா, உங்கள் இரத்தத்தைச் சோதித்தீர்களா?” என்று கேட்கும் பிள்ளையை உருவாக்கினால், எந்தத் துண்டறிக்கையும் செய்யாத பணியை அப்பிள்ளை செய்துவிடும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இனி விடை கூறலாம். உடலோம்பல் அறமே, ஆயின் பிறரை அளக்கும் கோலாக அதனைப் பயன்படுத்தலாகாது. நோயுற்றவனைக் கண்டு “ஏன் நோயுற்றாய்?” என்று கேட்பது நம் வேலையன்று. “நான் ஆற்ற வேண்டிய பங்கு எது?” என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நோயாளி அறியட்டும், மருத்துவர் விளக்கட்டும், வீட்டார் துணைநிற்கட்டும், ஊரார் வற்புறுத்தாதிருக்கட்டும், அரசு நல்லுணவையும் நல்ல வேலை நேரத்தையும் ஏழைக்கும் எட்டச் செய்யட்டும். அவரவர் ஆற்றலின் அளவே அவரவர் கடன்.

இம்மண்ணில் உழைத்தவர்கள் பிறருடைய விளக்குக்கும் அடுப்புக்கும் சக்கரத்துக்கும் தம் உடலைக் கொடுத்தவர்கள். அவர்களின் வழிவந்தோர் தம் பிள்ளைகளுக்காக அவ்வுடலைச் சில ஆண்டுகள் கூடுதலாகக் காத்துக்கொள்ளட்டும். ஆசிரியர்களாகிய நாம் முதலில் நம் கையை நீட்டி ஒரு துளி இரத்தம் கொடுப்போம். பின்னர் மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் எடுத்துரைப்போம்.